மனச்சோர்வு மாத்திரை: முதல் அட்டையைப் பிரிக்கும் முன்னும் பின்னும்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடை கவுண்டரில் நிற்பவன் நான். மருந்தாளுநர், டாக்டர் இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் சீட்டை மடித்தபடியே நீட்டுவார்கள். கவர் கைக்கு வந்ததும் பைக்குள் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பக்கத்தில் தெரிந்தவர் யாராவது நிற்கும்போது சந்தேகம் கேட்க யாருக்கும் வாய் வராது. அங்கே பேச முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஏதாவது சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்தவர் அவர்தான்.

படி 1: சின்ன எழுத்தைப் படியுங்கள்

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை ஒட்டிச் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்து. எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செடின், பராக்செடின் எல்லாம் ஒரே வகை. வென்லாஃபாக்சினும் டுலாக்செடினும் அதற்குப் பங்காளிகள். அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் பழைய வகை. மிர்டாசபின் தனி. உங்களுடையது எது என்று பார்த்துப் போனில் படம் எடுத்து வையுங்கள். கடை மாறினால் கம்பெனிப் பெயரும் மாறும். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாகச் சாப்பிட்டவர்களும் உண்டு.

சின்ன எழுத்தில் இரண்டு பெயர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. எஸ்சிடாலோபிராமோடு குளோனசெபாம் சேர்ந்த மாத்திரையைக் கடையில் அடிக்கடி பார்க்கிறேன். குளோனசெபாம் பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும், தூக்கமும் தரும். ஆனால் சில வாரங்கள் தொடர்ந்தாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். அதன்பின் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். “நரம்பு மாத்திரை போட்டா அடிமையாயிருவ” என்று ஊரில் பயமுறுத்துவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். அந்தப் பழி மனச்சோர்வு மருந்தின் தலையிலும் விழுகிறது. அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாதுதான், ஆனால் இன்னும் வேண்டும் இன்னும் வேண்டும் என்று ஏங்க வைக்கிற மருந்து அல்ல அது. எனவே டாக்டரிடம் இப்படியே கேளுங்கள்: “இதுல தூக்க மருந்து சேர்ந்திருக்கா? அது எத்தனை நாளைக்கு?”

இன்னொன்று. குளோனசெபாம் போன்றவற்றை விற்கும்போது நாங்கள் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதியாக வேண்டும். அது சட்டம். உங்களை யாரும் சந்தேகப்படவில்லை.

படி 2: டாக்டரிடம் எதையும் விடாமல் சொல்லுங்கள்

ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளைப் பையோடு கொண்டுபோவது நல்லது. முக்கியமாக ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், பிரஷருக்குத் தரும் நீர் மாத்திரை, ஒற்றைத் தலைவலி மாத்திரை, காசநோய்க்குக் கொடுக்கும் லினசோலிட். நம் ஊரில் சித்த மருந்து சாப்பிடாத வீடு குறைவு. லேகியமோ சூரணமோ, அதையும் மறைக்காதீர்கள்.

வலிப்பு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு, இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் சொல்ல வேண்டும். கர்ப்பமாக இருந்தாலும், பால் கொடுத்தாலும், குழந்தைக்குத் திட்டமிட்டாலும் அப்படித்தான். பலரும் சொல்லாமல் விடுவது வேறொன்று: எப்போதாவது நாட்கணக்கில் தூங்காமல், களைப்பே தெரியாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, பணத்தை வாரி இறைத்த காலம் இருந்ததா? உங்களுக்கோ ரத்த சொந்தத்தில் யாருக்கோ இருந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது இருதுருவ நோயாக (மனம் ஒரு காலம் உச்சத்துக்கும் ஒரு காலம் பள்ளத்துக்கும் போகும் நோய்) இருந்தால், இந்த மாத்திரையைத் தனியாகக் கொடுப்பது அந்த வேகத்தை மறுபடி கிளப்பிவிடலாம்.

படி 3: நேரத்தை முடிவு செய்யுங்கள்

ஃபுளுவாக்செடின் பொதுவாகக் காலையில். மிர்டாசபினும் அமிட்ரிப்டிலினும் தூக்கம் தருவதால் இரவில். மற்றவற்றுக்குச் சீட்டில் உள்ளபடி. குமட்டல் வந்தால் சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். அட்டையில் ‘ஈஆர்’, ‘எக்ஸ்ஆர்’ என்று இருந்தால் அது மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து. உடைக்கவோ மெல்லவோ கூடாது.

படி 4: முதல் இரண்டு வாரத்தைத் தாண்டுங்கள்

பக்க விளைவு முதலில் வரும், பலன் பின்னால்தான் வரும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுதாகத் தெரிய 6 முதல் 8 வாரம்கூட ஆகலாம். இதைத் தெரியாமல்தான் நிறையப் பேர் அஞ்சாறு நாளில் விட்டுவிடுகிறார்கள்.

குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, வாய் வறட்சி, வியர்வை, தூக்கம் கெடுவது, ஒருவித படபடப்பு, இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். பழைய வகையில் மலச்சிக்கலும், எழுந்து நிற்கும்போது தலைசுற்றலும் அதிகம். பனை ஏறுகிறவர்களும் நான்குவழிச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களும் மருந்து தன்னை என்ன செய்கிறது என்று தெரியும்வரை அந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்கள் விஷயம் வேறு. இந்த மருந்துகள் சிலருக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். வயதானவர்களுக்கும் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல். ஆச்சி திடீரென்று சோர்ந்து, முன்னுக்குப்பின் முரணாகப் பேசினால் “வெயில் ஒத்துக்கல” என்று மோரைக் கொடுத்து உட்கார வைக்காமல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். ‘உப்பு இறங்கிருச்சு’ என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான்.

அப்புறம், யாரும் வாய் திறக்காத ஒன்று. தாம்பத்திய ஆசை குறைவது, ஆண்களுக்கு விந்து வெளியேறத் தாமதமாவது, பெண்களுக்கு உச்சம் வராமல் போவது. எஸ்சிடாலோபிராம் வகையில் இது சகஜம், மற்றவை போலத் தானாகப் போய்விடும் என்றும் நம்ப முடியாது. புதிதாகக் கல்யாணமானவர்கள் காரணம் சொல்லாமலே மாத்திரையை நிறுத்துவது பல நேரம் இதனால்தான் என்பது என் கணிப்பு. நிறுத்த வேண்டியதில்லை. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். டாக்டர் இதைக் கேட்டு முகம் சுளிக்க மாட்டார். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளில் எழுதிக் கொடுங்கள்.

படி 5: கடையில் வேறு மருந்து கேட்கும் முன்

“அண்ணாச்சி, உடம்பு வலிக்கு ரெண்டு செட் மாத்திரை குடுங்க” என்பது நம் ஊர் வழக்கம். அந்த செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும். எஸ்சிடாலோபிராம் வகையோடு அது சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடும். சாதாரணக் காய்ச்சல், வலிக்கு அளவோடு பாராசிட்டமால் போதும். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரி.

டிராமடால் என்ற வலி மருந்தும், வறட்டு இருமல் சிரப்பில் வரும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனும் வேறு வழியில் சிக்கல் செய்யும். மனச்சோர்வு மருந்தைப் போலவே இவையும் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும். அது அளவுக்கு மீறினால் கை கால் நடுக்கம், தசை இறுக்கம், காய்ச்சல், கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, குழப்பம் வரும். அப்படி வந்தால் 108-ஐ அழையுங்கள், படம் எடுத்த அட்டையைக் காட்டுங்கள்.

சாராயம், பீர், எதுவானாலும் வேண்டாம். கோயில் கொடைக்கு ஊருக்குப் போகும்போதுதான் இந்தக் கட்டுப்பாடு உடையும். “ஒரு நாளைக்குத் தானல” என்று இழுக்கிறவர்கள் இருப்பார்கள். குளோனசெபாமோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகிவிடலாம்.

படி 6: வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்

25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, ஆரம்ப வாரங்களிலும் அளவு மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறுவர்களுக்கென்று கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்தது, 2007-ல் அதை 24 வயது வரை நீட்டியது. மருந்தே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை, கூட ஒருவர் கவனிக்க வேண்டும். உட்கார முடியாத தவிப்பு, புதிதாக வந்த கோபம், விடைபெறுவது போன்ற பேச்சு தெரிந்தால் அடுத்த முறை வரச் சொன்ன தேதிவரை காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. நேரில் போக வேண்டுமென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மாத்திரைகளை வீட்டில் பொறுப்பான ஒருவர் வைத்திருந்து அன்றன்றைக்குக் கொடுப்பது நல்லது. அமிட்ரிப்டிலின் வகை அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும்.

படி 7: நிறுத்துவது

நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் நிறுத்தக் கூடாது. முதல்முறை வந்த மனச்சோர்வு என்றால் குணமான பிறகும் 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் வாரக்கணக்கில் படிப்படியாகத்தான். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு வரும். பராக்செடின், வென்லாஃபாக்சினில் இது அதிகம். உடம்பில் நெடுநாள் தங்கும் ஃபுளுவாக்செடினில் குறைவு. வெளியூர் போனால் நாள் கணக்குப் பார்த்து, அதற்கு மேல் ஒரு வாரத்துக்கும் சேர்த்து சீட்டோடு எடுத்துப் போங்கள். கர்ப்பம் உறுதியானாலும் பயந்து நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மிச்சமாகும் அட்டைக்கு வீட்டிலேயே ஆள் வரும். “மைனி, எனக்கும் தூக்கமே வரமாட்டேங்கு, ஒங்க மாத்திரைல ரெண்டு தாங்களேன்” என்பார்கள். கொடுக்காதீர்கள். அவர்களையும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.