புது ஆம்பின் முதுகையும் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பயிற்சி அறையில் இரண்டு பையன்கள் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற கிடார் ஆம்பையும் (கிடார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) அதன் டிஜிட்டல் வாரிசான டோன் மாஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பத்தே நிமிடம். "அண்ணா, புதுசுதான் மாஸ். பழசுல உயிரே இல்ல" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சில வருடங்களுக்கு முன் இதையே நானும் சொல்லி, காசும் தொலைத்திருக்கிறேன்.

பழைய ஆம்பையும் புதியதையும் ஒப்பிடும்போது நாம் செய்யும் தவறுகள்தான் கீழே. 120 வோல்ட் ஆம்பை 230 வோல்ட்டில் சொருகாதீர்கள், சூடான வால்வை (பழைய ஆம்புகளில் ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாயை) தொடாதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதுகூடத் தெரியாதவர் ஆம்ப் பக்கமே போக வேண்டாம்.

தூக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

டீலக்ஸ் ரிவெர்ப் 1963-இல் வந்த 22 வாட் வால்வு ஆம்ப். இன்று கிடைக்கும் அதன் வால்வு மறுபதிப்பு ஏறக்குறைய 19 கிலோ. 2019-இல் வந்த டோன் மாஸ்டர் 10 கிலோவைச் சற்றே தாண்டும். கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள் போய்விட்டன, ஸ்பீக்கரின் காந்தமும் எடை குறைந்த நியோடிமியம். இதைத் தூக்கிப் பார்த்து "பொம்மை மாதிரி இருக்கே" என்பவர்கள் மாடிப்படியில் பழையதைச் சுமந்ததில்லை.

இரண்டும் என்ன வேலை செய்கின்றன என்று பார்க்காதது

இதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். என்னிடம் எழுபதுகளின் சில்வர்ஃபேஸ் (வெள்ளி நிற முகப்புள்ள) டீலக்ஸ் ரிவெர்ப் ஒன்று இருந்தது. அதைக் கடைக்கே எடுத்துப் போய், டோன் மாஸ்டரோடு நேருக்கு நேர் வைத்தேன். என்னுடையதில் வால்யூம் 2. அதற்கு மேல் போனால் கடையே திரும்பிப் பார்க்கும். புதியதில் வால்யூம் 6. சத்தம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் புதியதில் ஈ கார்டை அழுத்தி அடித்தால் ஒலி ஓரங்களில் லேசாகக் கரகரத்தது, மெதுவாகத் தொட்டால் தெளிந்துவிட்டது. என்னுடையதோ தகரத்தைச் சுண்டிய மாதிரி. அரை மணி நேரத்தில் பழையதைத் தள்ளிவிட்டு, மேற்கொண்டு பணமும் கட்டிப் புதியதோடு வீடு திரும்பினேன்.

வீட்டில் பிளக்கைப் போடக் குனிந்தபோதுதான் பின்பக்கம் இருந்த குமிழைக் கவனித்தேன். 22, 12, 5, 1, 0.5, 0.2 வாட் என்று ஆறு நிலைகள். நான் பார்த்தபோது 1-இல் இருந்தது. கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. உள்ளே ஆம்ப் முழு மூச்சில் ஓடுவது போலவே பேசும். வெளியே வரும் சத்தத்தை மட்டும் இது குறைத்துவிடும். 22-க்குத் திருப்பி, வால்யூமை 2-க்கு இறக்கி ஒரு கார்ட் அடித்தேன். அதே தகரம். நான் விற்றுவிட்டு வந்த ஆம்பின் குரல்!

விஷயம் இதுதான். டீலக்ஸ் ரிவெர்பின் இரண்டு சேனல்களில் ஒன்றான வைப்ராட்டோ சேனலில் வால்யூம் குமிழோடு 47 பிகோஃபாரட் கபாசிட்டர் ஒன்று இணைந்திருக்கும். வால்யூம் குறைவாக இருக்கும்போது ட்ரெபிளை (கூர்மையான மேல்ஸ்தாயி ஒலியை) மட்டும் அது குறுக்குவழியில் கடத்திவிடும். வால்யூம் ஏற ஏற அதன் பங்கு கரைந்துவிடும். 2-இல் ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் 6வி6 வால்வுகள் இரண்டும் தூக்கத்தில் இருக்கும். 5, 6-ஐத் தாண்டினால்தான் அவை திணறும், ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வுக்கு மூச்சு வாங்கும். வின்டேஜ் டோன் என்று நாம் உருகுவது அந்தத் திணறலைத்தான். டோன் மாஸ்டர் அதையும் சேர்த்தேதான் நகலெடுத்திருக்கிறது. நான் தூங்குகிறவனையும் ஓடுகிறவனையும் நிற்க வைத்து, யார் வேகம் என்று பார்த்திருக்கிறேன். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை, நான்தான் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பையன்களின் டோன் மாஸ்டரையும் திருப்பிப் பார்த்தேன். 0.5.

எது சத்தமோ அதுவே நல்லது என்று நம்புவது

இந்தப் பொறி இன்னும் சின்னது, கண்ணுக்கே படாது. சத்தம் துளி கூடினாலும் காது அதை "முழுமை" என்றுதான் சொல்லும். குறைந்த சத்தத்தில் பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) நமக்குச் சரியாகக் கேட்பதில்லை என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஃபோனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஒரே கார்டுக்கு இரண்டு ஆம்பும் ஒரே எண்ணைக் காட்டும்வரை சரிசெய்யுங்கள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேறு யாரையாவது மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

ஒன்றைத் தரையிலும் ஒன்றை ஸ்டூலிலும் வைப்பது

தரையில் இருப்பதைக் கேட்பது உங்கள் முழங்கால். ட்வின் ரிவெர்ப் மாதிரிப் பெரிய ஆம்புகளுக்கு ஃபெண்டர் சாய்ப்புக் கால் வைத்தது சும்மா இல்லை.

பழையது தேய்ந்திருக்கும் என்பதை மறப்பது

ஐம்பது வருட ஆம்பில் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர் காய்ந்திருந்தால் "உர்ர்" என்று ஓர் உறுமல் இருக்கும், பேஸ் தொளதொளத்துவிடும். வீட்டில் தாத்தாவின் வால்வு ரேடியோ இருந்தவர்களுக்கு இந்த உறுமல் பழக்கம். அதைப் போய் "வின்டேஜ் வார்ம்த்" என்று கொண்டாடி, புதியதில் அது இல்லையே என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்பீக்கரையும் இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். முதலில் சர்வீஸ், பிறகு ஒப்பீடு.

வீடியோ பார்த்து முடிவு செய்வது

அதில் கேட்பது அவர்கள் மைக்கும் அறையும்.

அவசரப்பட்டு விற்பது

மேலே சொல்லியாயிற்று. என் பழைய ஆம்பை இப்போது வைத்திருப்பவரிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். தரமாட்டாராம்.