மாடியில் இருந்தே போர் விமானத்தை இனம்காண: ஒரு தறிக்காரரின் குறிப்புகள்

எங்கள் வீடு கோவையை அடுத்த சூலூர் விமானத்தளத்துக்கு வடகிழக்கே, சோமனூர்ப் பக்கம். கீழே விசைத்தறி, மேலே மொட்டை மாடி, அதில் ஒரு கயிற்றுக் கட்டில். 2024 ஆகஸ்ட் 6 முதல் 14 வரை, நம் விமானப்படை பிற நாட்டுப் படைகளோடு நடத்திய ‘தரங் சக்தி’ கூட்டுப் பயிற்சியின் முதல் கட்டம் சூலூரில் நடந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் நாட்டு விமானப்படைகள் வந்திருந்தன. தறியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு அத்தனை நாளும் மாடியிலேயே கிடந்தேன். இரண்டாம் கட்டம் ஜோத்பூருக்குப் போய்விட்டது; அது ராஜஸ்தான்காரர்கள் பாடு.

முதல் நாளே மானம் போனது. தலைக்கு மேல் போன ஒன்றைக் காட்டி, “ரஃபேல்!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். பக்கத்து மாடியில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பெண், “இல்லைங்க பெரியப்பா, அது யூரோஃபைட்டர். சின்ன இறக்கை மூக்குக்கிட்ட இருக்கிறது பாருங்கள்” என்றாள். இந்தக் குறிப்புகளில் பாதி அவளிடம் கற்றவை.

நிறத்தைப் பார்த்து அடையாளம் காண முயலவே வேண்டாம். எல்லா நாட்டுக்காரர்களும் சாம்பல் நிறத்தையே பூசி வைத்திருக்கிறார்கள். இறக்கையைப் பாருங்கள். பெரிய முக்கோண இறக்கைக்கு முன்னால் இன்னொரு குட்டி ஜோடி இறக்கை இருக்கிறதா? இல்லையென்றால், உருவமும் சிறியதாக இருந்தால், அது பெரும்பாலும் நம் தேஜஸ். ஒற்றை எஞ்சின், நீளம் 13 மீட்டர் சொச்சம். சூலூரில் தேஜஸ் படைப்பிரிவு இருப்பதால் எங்களுக்கு அது வீட்டுக் காக்கை மாதிரி.

குட்டி இறக்கை உண்டு என்றால்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ரஃபேலில் அது பெரிய இறக்கையை ஒட்டியே இருக்கும். கீழிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தாற்போலத் தெரியும். யூரோஃபைட்டரில் அது விமானியின் இருக்கைக்கும் முன்னால், மூக்கருகே தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும். இன்னொரு அடையாளம், காற்றை உள்ளிழுக்கும் வாய். யூரோஃபைட்டருக்கு அது வயிற்றுக்கு அடியில், தாடை தொங்கியதுபோல. ரஃபேலுக்கு இரு கன்னங்களிலும். இவ்வளவு போதும்.

குட்டி இறக்கையும் இருந்து, பின்னால் கிடைவாலும் இருந்து, நிமிர்ந்த வால் இரண்டாக இருந்தால் சுகோய்-30. சுமார் 22 மீட்டர் நீளம். தேஜஸுக்குப் பக்கத்தில் எருமைக்கடா. இதில் தவறவே முடியாது.

நாட்டைச் சொல்வது அடுத்த படி. ரஃபேல் என்றதும் பிரான்ஸ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், நாமும் 36 ரஃபேல் வாங்கியிருக்கிறோம். யூரோஃபைட்டரோ ஜெர்மனி, ஸ்பெயின், பிரிட்டன் மூன்று நாட்டிடமும் உண்டு. அப்போதைய ஜெர்மன் விமானப்படைத் தலைவர் இங்கோ கெர்ஹார்ட்ஸ் தாமே ஒன்றை ஓட்டிக்கொண்டு சூலூருக்கு வந்தார். இறக்கையிலும் உடலிலும் உள்ள சின்னம்தான் வழி. ஜெர்மனிக்குக் கறுப்புச் சிலுவை. மற்றவர்களுக்கு வட்டம்: பிரான்ஸுக்கு நடுவில் நீலம், வெளியே சிவப்பு, பிரிட்டனுக்கு அதைத் திருப்பிப் போட்டது, அதுவும் வெளிறிப்போய்த் தெரியும், ஸ்பெயினுக்குச் சிவப்பு, மஞ்சள், சிவப்பு. நமக்கு நடுவில் பச்சை, வெளியே காவி. பைனாகுலர் இல்லாமல் இது நடக்காது. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதையே வாங்குங்கள். அதற்கு மேல் போனால் ஆடிக் காற்றில் கை நடுங்கி, விமானம் நாலாகத் தெரியும்.

அந்தக் காற்றுதான் எங்கே பார்க்க வேண்டும் என்பதையும் சொல்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அள்ளிக்கொண்டு வருகிறது. ஆக ஏறுபவை மேற்கே போய்விடும். இறங்குபவை கிழக்கிலிருந்து, எங்கள் பக்கமாக வரும். ஏறும்போது பார்ப்பதில் பயன் குறைவு. பின்னால் தீ கக்கிக்கொண்டு கண் இமைப்பதற்குள் மேகத்துக்குள் போய்விடும். திரும்பி வரும்போது பாருங்கள். வேகம் குறைந்து, சக்கரங்களை இறக்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டு வரும். சில சமயம் நாலு விமானம் வரிசையாக ஓடுதளத்துக்கு மேலே வந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து பிரிந்து, வட்டமடித்து இறங்கும். சாயும் அந்த நொடியில் முழு இறக்கையும் தட்டை கவிழ்த்ததுபோலத் தெரியும். எனக்கு அதைவிட வேறு காட்சி வேண்டாம்.

சத்தம் வரும் இடத்தைப் பார்ப்பவர் வெறும் வானத்தைத்தான் பார்ப்பார். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகிற விமானத்தின் சத்தம் உங்கள் காதுக்கு வர ஒன்பது நொடி ஆகும். மணிக்கு 800 கிலோமீட்டரில் அது பறந்தால், அதற்குள் இரண்டு கிலோமீட்டர் முன்னே போயிருக்கும். எனவே சத்தத்தை விட்டு, அது போகும் திசையில் நன்றாக முன்னால் தேடுங்கள். தறி ஓடும் வீட்டில் இதெல்லாம் கேட்காது என்பீர்கள். கேட்காதுதான். எங்கள் தெரு நாய்களை நம்பியே ஓட்டினேன்.

விசிறி சுற்றும் நான்கு எஞ்சின், வால் ஆங்கில ‘T’ எழுத்துப்போல உச்சியில் படுத்திருந்தால் ஐரோப்பியர்களின் ஏ400எம் சரக்கு விமானம். பயணிகள் விமானம் வந்தால் அது பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையத்துக்குப் போவது. உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

தளத்தின் சுற்றுச்சுவர் ஓரம் கேமராவோடு போய் நிற்காதீர்கள். ட்ரோன் என்ற பேச்சே கூடாது. எத்தனை போயின, எத்தனை வந்தன என்று வாட்ஸ்அப் குழுவில் உடனுக்குடன் போடுவதும் வேண்டாம், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். என் நோட்டில் தேதி, நேரம், காற்றுத் திசை, என் ஊகம், பக்கத்து மாடியின் தீர்ப்பு என்று ஐந்து பத்தி. கடைசி இரண்டு நாள் ஊகமும் தீர்ப்பும் ஒன்றாகவே இருக்கின்றன.