தேங்காய், கடுகு, நீளமான ஒரு தெரு: சூரியக் குடும்பத்தை நடந்து அளப்போம்

பள்ளிப் புத்தகப் படங்களில் சூரியனும் கோள்களும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். உண்மையான இடைவெளியைத் தாளில் அச்சிட முடியாது. தெருவில் இறங்கினால் முடியும்.

தேவையானவை: பெரிய தேங்காய், கடுகு, மிளகு, கோலிக்குண்டு, ஒரு சிட்டிகை ரவை, வெள்ளைத் தாள், டேப். அரை கிலோமீட்டருக்கு நேராகப் போகும் தெரு இருந்தால் நல்லது.

படி 1: 1 செ.மீ. என்பது 1 லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். லட்சத்தில் எண்ணிப் பழகிய நமக்கு இதில் கால்குலேட்டரே தேவைப்படாது. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கி.மீ., அதாவது 14 செ.மீ. நார் உரித்த பெரிய தேங்காய் ஏறக்குறைய அந்த அளவு வரும். தெரு முனையில் வையுங்கள்.

படி 2: பூமியின் விட்டம் 12,742 கி.மீ. நம் கணக்கில் 1.3 மி.மீ., ஒரு கடுகு. தாளில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். முதல் தடவை நான் ஒட்டாமல் எடுத்துப் போய், பாதி வழியில் பூமியைத் தொலைத்தேன். தேங்காயிலிருந்து 15 மீட்டர், சாதாரண நடைக்கு 20 எட்டு. அங்கே நின்று திரும்பிப் பாருங்கள். தேங்காய் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, உதயத்தில் சூரியனும் அவ்வளவுதான் தெரியும். கையை நீட்டினால் சுண்டுவிரலே மறைத்துவிடும்.

படி 3: கடுகிலிருந்து 4 செ.மீ. தள்ளி ஒரு பொடி ரவையை ஒட்டுங்கள். அதுதான் நிலா. மனிதன் இதுவரை போன தூரமெல்லாம் இந்த இரண்டு விரற்கடைதான்.

படி 4: புதன் 6 மீட்டரில், வெள்ளி 11 மீட்டரில், செவ்வாய் 23 மீட்டரில். எல்லாம் பொடிசு. அப்புறம் நடக்க வேண்டும். வியாழன் என்ற கோலிக்குண்டு 78 மீட்டரில். நெப்டியூன் என்ற மிளகு 450 மீட்டரில், 600 எட்டு. அங்கிருந்து தேங்காய் கண்ணுக்குப் படுவதே சந்தேகம். எட்டுக் கோள்களையும் சேர்த்து எடுத்தாலும் உள்ளங்கையில் அடங்கிவிடும். மீதித் தெரு முழுக்க வெற்றிடம்.

படி 5: இப்போது ஒளியை விடுவோம். நொடிக்கு 3 லட்சம் கி.மீ., நம் தெருவில் நொடிக்கு 3 செ.மீ. எறும்பு ஊர்வது போலத்தான்! தேங்காயிலிருந்து கடுகுக்கு வந்துசேர 8 நிமிடம் 20 நொடி. மிளகுக்கு 4 மணி நேரத்துக்கு மேல்.

சரி, அடுத்த நட்சத்திரம் எங்கே? பிராக்சிமா சென்டாரி நம் கணக்கில் ஒரு சின்ன நெல்லிக்காய். அதை வைக்க 4,000 கி.மீ. போக வேண்டும்; கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போனாலும் பற்றாது. 1977இல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம் இப்போதுதான் தேங்காயிலிருந்து சுமார் இரண்டரை கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 15 செ.மீ., ஒரு சாண்கூட இல்லை. அந்த வேகத்தில் நெல்லிக்காயைத் தொட 70,000 வருடத்துக்கு மேல் ஆகும்.