ராணுவத்தில் இருப்பவருக்குக் கோர்ட் சம்மன் வந்தால் பயணப்படி வாங்குவது எப்படி

சம்மன் வந்ததும் பலரும் தேதியை மட்டும் பார்த்துவிட்டு லீவுக்கு எழுதிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். போவது லீவிலா, டெம்பரவரி டியூட்டியிலா (வேலை நிமித்தம் தற்காலிகமாக வெளியூர் அனுப்புவது) என்பதை வைத்துத்தான் செலவு அரசாங்கத்துடையதா, உங்களுடையதா என்று முடிவாகும். லீவில் போய்வந்த பிறகு அதை டியூட்டியாக மாற்றித் தரச் சொன்னால் ஆபீசில் அலைய வேண்டியதுதான்.

முதலில் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: சாட்சி சொல்லப்போகும் விஷயம் எனக்கு எப்படித் தெரியவந்தது? வேலை பார்க்கும்போது தெரிந்தது என்றால் பயணப்படி உண்டு. கேட்டில் காவல் நின்றபோது திருடனைப் பிடித்து போலீசில் ஒப்படைத்த சிப்பாய், அடிபட்டவரைப் பரிசோதித்துச் சான்று கொடுத்த ராணுவ டாக்டர் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். லீவில் ஊருக்கு வந்தபோது தெருவில் பார்த்த அடிதடி, பங்காளி நிலத் தகராறு என்றால் கிடையாது. கோர்ட் சாட்சிக்குத் தரும் செலவுக் காசான பேட்டாவோடு சரி. மத்திய அரசு ஊழியர்களுக்கான துணை விதி 154-ம் இதைத்தான் சொல்கிறது: கிரிமினல் வழக்கு, கோர்ட் மார்ஷல், அரசு ஒரு தரப்பாக இருக்கும் சிவில் வழக்கு, துறை விசாரணை, இவற்றில் பணி நிமித்தம் அறிந்ததைச் சொல்லப் போனால் அலுவலக வேலையாக டூர் போன மாதிரி பயணப்படி. ராணுவத்துக்கு டிராவல் ரெகுலேஷன்ஸ் தனியாக இருந்தாலும் அளவுகோல் இதுவே.

சம்மன் முறைப்படி கமாண்டிங் ஆபீசர் வழியாக வர வேண்டும். சில நேரம் ஊர் வீட்டுக்குப் போய், அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருப்பார். அப்போது போனில் படம் வாங்கி உடனே யூனிட்டுக்குக் காட்டிவிடுங்கள், ஒரிஜினலையும் தபாலில் வரவழையுங்கள். யூனிட் தரும் பயண உத்தரவான மூவ்மென்ட் ஆர்டரில் 'சாட்சியம் அளிக்க' என்பதும் வழக்கு எண்ணும் இருக்கட்டும். ரயிலுக்கு வாரண்டோ (காசு கட்டாமல் டிக்கெட் வாங்க ராணுவம் தரும் சீட்டு) யூனிட் போடும் டிக்கெட்டோ, கைக்காசைப் போடுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள்.

பயணப்படி பில் திரும்பி வருவது பல நேரம் கோர்ட்டின் வருகைச் சான்று இல்லாததால்தான். சாட்சி சொல்லி முடித்ததும் கூண்டிலிருந்து இறங்கி நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல், பெஞ்ச் கிளார்க்கைப் பிடித்து, கோர்ட் கலைவதற்குள் எழுதி வாங்குங்கள். உங்கள் பெயர், நம்பர், ரேங்க், வழக்கு எண், எந்தத் தேதியில் ஆஜரானீர்கள், பேட்டா கொடுத்தார்களா இல்லையா, கடைசியில் கையெழுத்தும் கோர்ட் சீலும். சீல் மங்கலாக விழுந்தால் இன்னொரு தடவை குத்தச் சொல்லுங்கள், தப்பில்லை. உங்களை விசாரிக்காமலே வாய்தா போட்டாலும் அன்றைக்கு வந்ததற்குச் சான்று வாங்கியே ஆக வேண்டும், அடுத்த வாய்தாவுக்குத் தனிச் சான்று.

பேட்டா விஷயத்தில் விளையாட வேண்டாம். அரசிடம் பயணப்படி வாங்கினால் கோர்ட்டிலும் செலவுக் காசு வாங்கக் கூடாது. உங்களுக்காகக் கட்டப்பட்ட தொகை அரசுக் கணக்குக்குத்தான் போக வேண்டும். கோர்ட் உங்கள் தலைமையிடத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் இருந்து, அதனால் பயணப்படி கிடையாது என்றால் மட்டும் போக்குவரத்துச் செலவைக் கோர்ட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

தொகை ரேங்கைப் பொறுத்தது. 2017 உத்தரவின்படி ஹவில்தார் வரை சாப்பாட்டுக்கு நாளைக்கு 500 ரூபாய், தங்குவதற்கு 450 ரூபாய் உச்சவரம்பு. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024-ல் இவை 25 சதவீதம் கூடின. முழு நாள் சாப்பாட்டுக் காசுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்திருக்க வேண்டும், 6 முதல் 12 மணி என்றால் 70 சதவீதம், அதற்கும் குறைவென்றால் 30. ஆகவே புறப்பட்ட நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் அன்றைக்கே குறித்து வையுங்கள். முன்பு ஒரு வருடம் இருந்த கெடு 2018 முதல் 60 நாளாகச் சுருங்கிவிட்டது. பயணம் முடிந்த 60 நாளுக்குள் பில் போய்ச் சேர வேண்டும், அட்வான்ஸ் வாங்கியிருந்தால் அதையும் அதிலேயே கழித்துக் காட்டுங்கள்.

எல்லையில் இருக்கிறீர்கள், கோர்ட்டோ திருப்பத்தூரில் என்றால் ஒன்று செய்யலாம். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி சாட்சியை வீடியோ மூலமும் விசாரிக்கலாம். அப்படி விசாரிக்கக் கேட்டு அரசு வக்கீலுக்கு யூனிட்டிலிருந்து ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். கோர்ட் ஒத்துக்கொண்டால் பில்லுக்கே வேலை இல்லை.