புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் 'கும்' இரைச்சலைக் குறைத்த கதை

பட்ஜெட்டுக்குள் அடங்கும் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கேட்டவுடன் அசத்தியது முதல் ஜோடிதான். ஆனால் அதன் சென்சிட்டிவிட்டி (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 89 டெசிபல், மற்றதற்கு 86. அந்த 3 டெசிபலை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு வாட் தர வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காதுக்குப் பிடித்துவிடும், அதை நம்பக் கூடாது. போனில் டெசிபல் மீட்டர் செயலியைப் போட்டு இரண்டையும் சமமாக்கிக் கேட்டேன். இப்போது 86 தான் முந்தியது. பாடகர் மூச்சை இழுப்பதுகூடத் தெளிவாக வந்தது.

சரி, அதையே எடுத்தேன். ஆனால் மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் பக்கம்) அடி விழுந்தால் அறையே 'கும்' என்றது. கனத்த ஒலியைக் கூட்டும் துளையான பேஸ் போர்ட் ஸ்பீக்கரின் பின்பக்கம், அதை ஒட்டியே சுவர். ஒன்றரை அடி முன்னே இழுத்ததும் முக்கால்வாசி அடங்கியது. மீதிக்கு ஒரு பழைய காலுறையைச் சுருட்டிப் போர்ட்டில் செருகினேன் (பார்க்கச் சகிக்காது, நல்லவேளை பின்பக்கம்). அப்புறம் ட்வீட்டர் (கீச்சென்ற உயர் ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர, அடியில் தடித்த பலகை வைத்தேன். குரல் நடுவில் வந்து நின்றது. கனத்த ஒலிக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர் வாங்கும் யோசனையையும் தள்ளி வைத்துவிட்டேன்.