வாங்கிய படம் ஓட மறுக்கிறதா? எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

ஒரு நீண்ட ரயில் பயணத்துக்கு முந்தின இரவு, என் மகனுக்காக ஒரு படத்தைக் காசு கொடுத்து வாங்கி டேப்லெட்டில் டவுன்லோடு செய்து வைத்தேன். சிக்னல் இல்லாத இடத்தில் ரயில் போய்க்கொண்டிருக்கும்போது பிளே பட்டனை அழுத்தினால், உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையுங்கள் என்று வந்தது. முழுப் படமும் டேப்லெட்டுக்குள்தான் இருக்கிறது, ஆனால் பார்க்க முடியவில்லை. அவன் ஏமாந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். இன்று யாராவது கேட்டால் நான் எந்த வரிசையில் சோதித்துப் பார்க்கச் சொல்வேனோ, அதே வரிசையில் இங்கே எழுதியிருக்கிறேன். படத்துக்குக் கடை போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைக்கும் வழி இதில் கிடையாது. அமெரிக்காவில் 1998-இல் வந்த டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தைப் போல, பல நாடுகளில் அந்தப் பூட்டை உடைப்பதையே தடுக்கும் சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் உடைக்காமலே தீர்க்கக்கூடிய சிக்கல்கள் நிறைய.

முதலில் அடிப்படை: ஃபைல் வேறு, சாவி வேறு

நீங்கள் டவுன்லோடு செய்வது குறியாக்கம் செய்த, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய, ஒரு ஃபைல். அதைத் திறக்கும் சாவி தனியாக, விற்ற கடையின் சர்வரிலிருந்து உரிமமாக வருகிறது. எந்தக் கணக்கு, எந்தச் சாதனம், எத்தனை நாள் என்பதெல்லாம் அந்த உரிமத்தில்தான் இருக்கும். இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஆர்எம். கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி என்று மூன்று முக்கியமான வகைகள் உண்டு. ஒன்றுக்காகக் கொடுத்த உரிமம் இன்னொன்றில் செல்லாது. உரிமம் ஃபைலோடு கூட வராததால்தான், அதை பென்டிரைவில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரில் திறந்து பார்த்தாலும் ஓடுவதில்லை. புதிதாக வாங்கும் பலரும் முதலில் இதைத்தான் முயற்சி செய்து பார்க்கிறார்கள். அதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

படி 1: என்ன நடக்கிறது என்று சரியாகக் கவனியுங்கள்

படம் தொடங்கவே இல்லையா, ஓடுகிறது ஆனால் மங்கலாக இருக்கிறதா, அல்லது போனிலோ லேப்டாப்பிலோ நன்றாக ஓடி டிவியில் மட்டும் கறுப்பாகத் தெரிகிறதா? இந்த மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. உங்களுக்கு எது பொருந்துகிறதோ, கீழே அந்தப் படிக்கு நேராகப் போய்விடலாம்.

படி 2: தொடங்கவே இல்லை என்றால்

இது பெரும்பாலும் உரிமச் சிக்கல். சாதனத்தின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் உரிமம் காலாவதியானதாகத் தோன்றலாம். நேரத்தைத் தானாக அமைக்கும் வசதியை ஆன் செய்துவிடுங்கள்.

அடுத்து, எந்தக் கணக்கில் வாங்கினீர்களோ அதே கணக்கில்தான் ஆப்பைத் திறந்திருக்கிறீர்களா? வீட்டில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் இது சுலபமாக மாறிப்போகும்.

பிறகு சாதனங்களின் எண்ணிக்கை. ஒரு கணக்கில் இத்தனை சாதனங்கள்தான் என்று ஒவ்வொரு கடையும் ஒரு வரம்பு வைத்திருக்கும். ஆப்பிளில் வாங்கிய படங்களை 5 கம்ப்யூட்டர்கள் வரைதான் அங்கீகரிக்க முடியும். நீங்கள் எப்போதோ விற்றுவிட்ட பழைய கம்ப்யூட்டரும், அங்கீகாரத்தை நீக்காமல் விட்டிருந்தால், அதில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அடியாக நீக்கும் வசதி உண்டு, ஆனால் அதை வருடத்துக்கு ஒருமுறைதான் பயன்படுத்தலாம். மற்ற கடைகளிலும் கணக்குப் பக்கத்தில் சாதனங்களின் பட்டியல் இருக்கும். இப்போது கையில் இல்லாத போனையெல்லாம் அங்கிருந்து நீக்குங்கள்.

வாடகைக்கு எடுத்த படமா என்பதையும் பாருங்கள். பல கடைகளில் பார்க்கத் தொடங்க 30 நாள், தொடங்கிவிட்டால் முடிக்க 48 மணி நேரம். அந்த நேரம் தாண்டியிருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லையா? ஆப்பை அப்டேட் செய்து, டவுன்லோடை அழித்து, மறுபடி இறக்குங்கள். நல்ல வைஃபை கையில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். எடுத்த எடுப்பில் ஃபைலை அழித்துவிட்டு, நடுவழியில் திரும்ப இறக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு.

படி 3: ஓடுகிறது, ஆனால் மங்கல்

எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். ஹெச்டி விலை கொடுத்திருப்போம், திரையில் வருவது பழைய டிவிடி தரம். எந்த எச்சரிக்கையும் வராது. நம் கண்ணில்தான் கோளாறோ என்றுகூடத் தோன்றும்.

காரணம் இப்படி. வைட்வைனில் எல்1, எல்2, எல்3 என்று பாதுகாப்பு நிலைகள் இருக்கின்றன. எல்1 உள்ள சாதனத்தில் சாவியைப் பயன்படுத்துவதும் வீடியோவைப் பிரிப்பதும் சிப்புக்குள் ஒரு தனி பாதுகாப்பான பகுதியில் நடக்கும். எல்3-இல் எல்லாம் சாதாரண மென்பொருளில். எல்3 சாதனத்துக்குப் பெரும்பாலான கடைகள் குறைந்த தரத்தைத்தான் அனுப்பும். ஆண்ட்ராய்டில் டிஆர்எம் இன்ஃபோ என்ற ஆப்பை நிறுவிப் பார்த்தால், செக்யூரிட்டி லெவல் என்ற இடத்தில் உங்கள் நிலை தெரியும். உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றுவதற்காகப் பூட்லோடரைத் திறந்த போனோ, ரூட் செய்த போனோ எல்1-லிருந்து எல்3-க்கு இறங்கிவிடலாம். சொந்தப் போனில் நமக்குப் பிடித்த மாற்றம் செய்ததற்காகப் படத்தின் தரம் குறைவது நியாயமே இல்லை என்பது என் கருத்து.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரே படம் ஒரு பிரவுசரில் தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் வரலாம். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் பொதுவாக எல்3-இல்தான் இருக்கிறார்கள். கடைக்குச் சொந்த ஆப் இருந்தால் அதில் ஒருமுறை பாருங்கள், பிறகு பிரவுசரை மாற்றிப் பாருங்கள்.

4கே வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆப்பிளில் வாங்கிய 4கே படத்தை ஸ்ட்ரீமிங்கில் 4கே-வாகப் பார்க்கலாம். டவுன்லோடு செய்தால் ஹெச்டி தரம்தான் கிடைக்கும்.

படி 4: டிவியில் கறுப்புத் திரை

இங்கே தடுப்பது பெரும்பாலும் ஹெச்டிசிபி. இன்டெல் உருவாக்கிய இந்த முறை, ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாகப் போகும் படத்தைப் பாதுகாக்கிறது. லேப்டாப்பிலிருந்து டிவி வரை நடுவில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஒன்று தவறினாலும் படம் வராமல் போகலாம். 4கே-வுக்கு வழக்கமாக ஹெச்டிசிபி 2.2 தேவை.

நடுவில் இருக்கும், சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டர், ஆடியோ ரிசீவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நேராக டிவியில் செருகிப் பாருங்கள். வந்துவிட்டால், கழற்றியதில் ஒன்றுதான் பிரச்சனை. வரவில்லை என்றால் டிவியின் வேறு போர்ட்டில் செருகுங்கள், ஏனென்றால் சில டிவிகளில் எல்லா போர்ட்டும் 2.2-ஐ ஆதரிப்பதில்லை. அதற்கும் மசியவில்லையா? எல்லாவற்றையும் அணைத்து, டிவியை முதலில் போட்டு, அப்புறம் லேப்டாப்பைப் போடுங்கள். திரையைப் பதிவு செய்யும் ஆப் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். பழைய விஜிஏ கேபிளுக்கு ஹெச்டிசிபி கிடையாது. அதில் முயற்சி செய்வது வீண்.

படி 5: பயணத்துக்கு முன் ஒத்திகை

கிளம்பும் நாளன்று ஏரோபிளேன் மோடை ஆன் செய்யுங்கள். ஆப்பை முழுவதும் மூடித் திரும்பத் திறந்து, படத்தை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் ஓர் இடத்துக்குத் தாவியும் பாருங்கள். இணையம் இல்லாமல் உரிமம் எத்தனை நாள் செல்லும் என்று ஆப்பில் போட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்யத் தவறியது இந்த ஒன்றைத்தான்.

படி 6: அடுத்த படத்தை வாங்கும் முன்

'வாங்கு' என்ற பட்டனை அழுத்தும்போது உங்களுக்குக் கிடைப்பது பார்ப்பதற்கான உரிமம் மட்டும். வாங்கிய படங்களை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று 2011-இல் தொடங்கிய அல்ட்ராவயலெட் சேவை 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. 2023 டிசம்பரில், பிளேஸ்டேஷனில் காசு கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகள் நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த முடிவு கைவிடப்பட்டது. கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று விற்கக் கூடாது என ஒரு சட்டம் கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதனால் மனசுக்கு ரொம்பப் பிடித்த படம் என்றால், டிஆர்எம் இல்லாமல் படைப்பாளியே நேரடியாக விற்கிறாரா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் டிஸ்க் வாங்குங்கள். டிஸ்கிலும் பூட்டு உண்டு, எந்தப் பகுதியில் விற்ற பிளேயரில் ஓடும் என்று சொல்லும் பிராந்தியக் குறியீடும் பொருந்த வேண்டும், ஆனால் டிவிடி பிளேயர் யாருடைய சர்வரிடமும் அனுமதி கேட்காது. ஐடியூன்ஸ் 2009-லேயே பாட்டுகளுக்கான பூட்டை எடுத்துவிட்டது. படங்களுக்கும் அது நடக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

படி 7: எதுவும் பலிக்கவில்லை என்றால் பணத்தைக் கேளுங்கள்

பிழைச் செய்தி வரும் திரையை வேறு போனால் படம் எடுங்கள். ஆர்டர் எண், சாதனத்தின் மாடல், ஆப்பின் பதிப்பு, நீங்கள் செய்து பார்த்தவை, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்புங்கள். "படம் ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் ஆப்பை மறுபடி நிறுவச் சொல்லிப் பதில் வரும். என் முதல் கடிதத்துக்கு அப்படித்தான் வந்தது. செய்து பார்த்த எல்லாவற்றையும் தேதியோடு எழுதி இரண்டாவதாக அனுப்பிய பிறகு முழுப் பணமும் திரும்ப வந்தது. அந்தப் பணத்தில் அதே படத்தின் டிஸ்கை வாங்கினேன்.