எடை சரி, உயரம் எங்கே? இளங்குழந்தைகளின் உரிமைநிலையைக் கண்காணிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில், சில மாதங்களாகச் சனிக்கிழமைதோறும் புதிய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள கிரீச்சுகளுக்கு, அதாவது பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களுக்குச் சென்று, பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் ஒழுங்காக வளர்கிறார்களா, சட்டம் அவர்களுக்கு உறுதியளித்தவை கிடைக்கின்றனவா என்று பார்த்து எழுதி வருவது அவர்களுடைய வேலை. அவர்கள் கொண்டுவரும் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், நான் தொடங்கிய காலத்தில் எழுதிய தாள்களையே யாரோ படியெடுத்து வந்ததைப் போல் இருக்கிறது. தேதி போட மறப்பது, கையெழுத்து விட்டுப்போவது போன்றவை இரண்டு வாரத்தில் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எழுதியவருக்கும் வாசிப்பவருக்கும் தவறாகவே தோன்றாதவற்றைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

பதிவேட்டை எண்ணிவிட்டுப் பிள்ளைகளை எண்ணிவிட்டதாக நினைப்பது

ஒரு கிரீச்சில் வருகைப் பதிவேட்டில் 42 பெயர்கள் இருந்தன. மதியத் தூக்கத்துக்கு விரித்த பாய்கள் 31 தான். நான் 42 என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அரசு மானியம் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வருகிறது. பல ஆண்டுகள் அது 17 ராண்டாகவே இருந்தது. அப்படியிருக்க, வேறு ஊருக்குக் குடிபோன பிள்ளையின் பெயரை அவசரமாக அடிக்க எவருக்கும் மனம் வராது. அதை மோசடி என்று உடனே கத்த வேண்டியதில்லை. பாய்களை எண்ணுங்கள், சாப்பாட்டுத் தட்டுகளை எண்ணுங்கள், இரண்டு எண்களையும் அருகருகே எழுதுங்கள்.

இதைவிடப் பெரிய பிழை, பதிவேட்டில் இல்லாத பிள்ளையை மறந்துவிடுவது. 2021-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட கணக்கில் 42,420 இளம்பருவ நிலையங்களும், அவற்றில் சேர்ந்திருந்த ஏறத்தாழ 16.6 இலட்சம் பிள்ளைகளும் கணக்கில் வந்தார்கள். அந்த எண் கதவுக்கு உள்ளே இருந்தவர்களைப் பற்றியது. ஐ.நா. குழந்தை உரிமைகள் குழு 2005-இல் வெளியிட்ட 7-ஆவது பொதுக் கருத்துரை, பிறந்த நொடியிலிருந்து எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் உரிமை உடையவர்களாகப் பார்க்கிறது. கிரீச்சில் கட்டணம் செலுத்தியவர்களை மட்டும் அல்ல. ஆகவே புறப்படுவதற்கு முன், கிரீச் நடத்தும் அம்மாவிடம், இந்தத் தெருவில் இங்கே வராத பிள்ளைகள் எத்தனை பேர், ஏன் வருவதில்லை என்று கேளுங்கள். நடக்க முடியாத பிள்ளை ஒன்று வீட்டிலேயே இருப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில்தான் வெளிவரும்.

எடையை மட்டும் பார்த்து ‘நலம்’ என்று எழுதுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதைச் செய்தவள் நானே என்பதால் எரிச்சல் இன்னும் அதிகம்.

இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு ‘ரோட் டு ஹெல்த்’ என்ற கைநூல் தரப்படுகிறது. தடுப்பூசி, வைட்டமின் ஏ, குடற்புழு மருந்து, எடை, உயரம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. நான் திறந்து பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றில் எடைப் பக்கத்தில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியிருக்கும். உயரப் பக்கம் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருக்கும். காரணம் எளிது. எடை பார்க்க அரை நிமிடம் போதும். உயரம் பார்க்க அளவுப்பலகை வேண்டும், பிள்ளையைப் பிடிக்க இரண்டாவது ஆள் வேண்டும், அழுகையைப் பொறுத்துக்கொள்ளும் நேரமும் வேண்டும்.

ஒரு பையனை அவனுடைய ஆயா (பாட்டி) வளர்த்துவந்தார். தாய்க்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. கன்னம் இரண்டும் உப்பிய, சிரித்த முகம். சோளக் கஞ்சி, டீயில் நனைத்த ரொட்டி, ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பில் கொஞ்சம் சோறு என்பது அவன் சாப்பாடு. நான் மூன்று முறை சென்றேன். மூன்று முறையும் அவனுடைய எடை, வளர்ச்சி வரைபடத்தில் வயதுக்குக் குறைந்தவர்களைப் பிரித்துக்காட்டும் கீழ்க்கோட்டுக்கு மேலேயே இருந்தது. மூன்று முறையும் ‘நலம்’ என்று எழுதினேன். மூன்றாம் முறை எடை 11.2 கிலோ. தாளைப் பார்த்த கிளினிக் செவிலியர் உயரம் எங்கே என்று கேட்டார். திரும்பிப் போய்ச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன்: 82.5 செ.மீ. வயதுக் கட்டத்தில் ‘2’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். இரண்டு வயது ஆண் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவன வரைபடத்தின் கீழ்க்கோடு 81.0 செ.மீ. ஆகையால் பையன் கோட்டுக்கு மேலே இருக்கிறான் என்று நான்காவது முறையாகவும் ‘நலம்’ என்று எழுதினேன்.

செவிலியர் பிறந்த தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். அவனுக்கு வயது இரண்டு அல்ல, இரண்டரை. 30 மாத ஆண் பிள்ளைக்குக் கீழ்க்கோடு 85.1 செ.மீ.; நடுக்கோடு 91.9 செ.மீ. அவன் கீழ்க்கோட்டுக்கும் 2.6 செ.மீ. தாழ்வாக இருந்தான். ‘இரண்டு வயசு’ என்று ஆயா சொன்னதை அப்படியே எழுதிய என்னுடைய ஒற்றை எண், ஆறு மாத வளர்ச்சிக் குறைவை விழுங்கிவிட்டது.

கன்னம் உப்பியிருந்தது எப்படி? 82 செ.மீ. உயரமுள்ள உடம்புக்கு 11 கிலோ பொருத்தமான எடைதான். அவன் மெலிந்த பிள்ளை அல்ல, குறுகிப்போன பிள்ளை. உயரத்துக்கு ஏற்ற எடை இருப்பதால் கண் ஏமாறுகிறது, தராசும் ஏமாறுகிறது. தென்னாப்பிரிக்காவின் 2016 மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் 27 விழுக்காட்டினர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள்; உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள் சுமார் 3 விழுக்காட்டினர்; வயதுக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள் 6 விழுக்காட்டினர். அதாவது, இந்த நாட்டில் தராசை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறவர், நூறு பிள்ளைகளில் ஆறு பேரைக் கண்டுபிடித்துவிட்டு இருபத்தேழு பேரின் கதையை முடித்ததாக எண்ணி வீட்டுக்குப் போகிறார்.

ஆயாவிடம் சொன்னபோது அவர் பதறவில்லை. “எங்க வீட்டுல எல்லாருமே குள்ளந்தாம்மா, அவங்க தாத்தாவும் அப்படித்தான்” என்றார். புதியவர்கள் சறுக்கும் இடம் இது. நானும் தலையாட்டத்தான் போனேன். அந்த வரைபடத்தை உருவாக்க 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் பிள்ளைகளை அளந்தார்கள்: பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா. சாப்பாடும் பராமரிப்பும் ஒழுங்காக இருந்த இடங்களில், ஐந்து வயது வரை தில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். தாத்தாவின் குள்ளம் தாத்தா சின்ன வயதில் சாப்பிடாததன் குள்ளமாகவும் இருக்கலாம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இதனால் என்ன நட்டம் என்று கேட்கிறார்கள். கருவில் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரையிலான ஏறத்தாழ 1,000 நாள்களில் குறைந்த உயரத்தைப் பின்னால் முழுமையாக ஈடுகட்டுவது கடினம். அதே காலத்தில்தான் மூளையும் வேகமாக வளர்கிறது. முதல் இரண்டு முறை நான் சென்றபோது அவனுக்கு இரண்டு வயது நிறையவில்லை. அப்போதே பலகையில் கிடத்தியிருந்தால் காலம் கையில் இருந்திருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. நம் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு, அடிப்படை ஊட்டச்சத்தைக் குழந்தையின் உரிமை என்று சொல்கிறது. பெரியவர்களுக்கான வீட்டுவசதி, மருத்துவம் பற்றிய பிரிவுகளில் வருகிற ‘இருக்கும் வளத்துக்கு உட்பட்டு’ என்ற கட்டுப்பாடு அங்கே இல்லை. இவ்வளவு வலுவான ஒரு உரிமை மீறப்பட்டதற்கு எங்கள் கையில் இருக்கக்கூடிய ஒரே சான்று அந்த உயரப் புள்ளி. நான் அதை வைக்கவில்லை; ‘நலம்’ என்று எழுதி, சான்றுக்கு எதிரான சான்றையும் உண்டாக்கிவிட்டேன்.

அளப்பதற்கு முன் காலணியைக் கழற்றுங்கள். பின்னலையும் கொண்டையையும் அவிழ்க்கச் சொல்லுங்கள், தாய்மார்கள் முகம் சுளித்தாலும் சரி. இரண்டு வயது நிறையாதவர்களைக் கிடத்தி அளக்க வேண்டும், நிறைந்தவர்களை நிறுத்தி அளக்க வேண்டும். கிடத்தினால் ஏறத்தாழ 0.7 செ.மீ. கூடுதலாகக் காட்டும் என்பதால், மாற்றி அளந்திருந்தால் அதைக் குறித்துவிடுங்கள். குதிகால் பலகையைத் தொட வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. வயதைக் கேட்டு எழுதாதீர்கள். கைநூலில் உள்ள பிறந்த தேதியிலிருந்து மாதங்களாகக் கணக்கிடுங்கள்.

பையன் இன்று பெரிய பள்ளியில் படிக்கிறான். உயரவாரியாக நிற்கும் வரிசையில் முதல் ஆள்.

மதிப்பெண்ணைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது

ஈலோம் என்ற மதிப்பீட்டுக் கருவி 50 முதல் 69 மாத வயதுப் பிள்ளைகளுக்கானது. 2021-இல் அதைக் கொண்டு நடத்திய தேசிய ஆய்வில், கிரீச்சுக்குப் போகும் நான்கு முதல் ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகளில் 57 விழுக்காட்டினர் வயதுக்குரிய கற்றல் நிலையை எட்டவில்லை என்று தெரியவந்தது. திட்டங்கள் பயன் தருகின்றனவா என்று கூட்டமாகப் பார்ப்பதற்கு உருவான அளவுகோல் அது. அதை வைத்து ஒரு பிள்ளையை ‘மந்தம்’ என்று தாயிடம் சொல்லிவிட்டு வந்த தன்னார்வலரை நான் திரும்ப அனுப்பி மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

மொழியிலும் இதே அவசரம். ஜூலு பேசும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லிவிட்டு ‘எண்ணத் தெரியவில்லை’ என்று எழுதுகிறார்கள். டொங்காட்டில் ஒரு சிறுமி ஆங்கிலத்தில் நான்குக்கு மேல் போகவில்லை. ஆயா மடியில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை ‘ஒண்ணு, ரெண்டு’ என்று பன்னிரண்டு வரை எண்ணிக் காட்டினாள். அரசியலமைப்பின் 6-ஆவது பிரிவு மதிக்கச் சொல்லும் மொழிகளில் தமிழும் இருக்கிறது, கேள்வித்தாளில்தான் இல்லை. எந்த மொழியில் கேட்டீர்கள் என்பதை விடைக்கு அருகிலேயே எழுதுங்கள்.

‘பிறப்புச் சான்றிதழ் இல்லை’ என்று எழுதிவிட்டு நகர்வது

காரணத்தை எழுதாவிட்டால் அந்த வரியால் எவருக்கும் பயன் இல்லை. தாய் இறந்துவிட்டாரா, தாயிடமே அடையாள அட்டை இல்லையா, தகப்பன் மணமாகாதவரா? மணமாகாத தகப்பன் தன் பெயரில் பிள்ளையைப் பதிவு செய்யத் தடையாக இருந்த சட்டப் பிரிவை அரசியலமைப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பரில் செல்லாது என்று தீர்ப்பளித்தது; அது தெரியாத தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லாததற்காகப் பள்ளிகள் பிள்ளையை மறுக்கக் கூடாது என்று மக்கண்டா உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது.

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போவது

நாளை வருகிறோம் என்று சொன்னால், நாளைக்காகச் சமைத்ததைத்தான் பார்ப்பீர்கள்.

புகைப்படம்

எடுக்காதீர்கள்.

நாமே விசாரிக்கத் தொடங்குவது

உடம்பில் காயத்தையோ நடத்தையில் அச்சத்தையோ கண்டால், பிள்ளையை மூலையில் உட்கார வைத்து யார், எப்போது, எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். 2005-ஆம் ஆண்டின் 38-ஆவது சட்டமான குழந்தைகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு, நியாயமான காரணங்களின் பேரில் பிள்ளை துன்புறுத்தப்பட்டது என்ற முடிவுக்கு வந்தாலே அறிவிக்கச் சொல்கிறது. அந்தக் கடமை ஆசிரியர், செவிலியர் முதலியோருக்கு மட்டுமல்லாமல், பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களில் வேலை செய்யும் தன்னார்வலர்களுக்கும் உண்டு. பார்த்ததையும் பிள்ளை தானாகச் சொன்னதையும் சொன்ன சொற்களிலேயே எழுதிச் சமூகப் பணியாளரிடம் அன்றைக்கே சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே அலுவலகத்துக்கு அனுப்புவது

2022 ஏப்ரல் 1 முதல் கிரீச்சுகளின் பதிவும் மானியமும் சமூக மேம்பாட்டுத் துறையிலிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்குப் போய்விட்டன. நானும் பழக்கதோஷத்தில் சில அறிக்கைகளைப் பழைய முகவரிக்கே அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். பதிவேடும் மானியமும் பற்றியது கல்வித் துறைக்கு, பாதுகாப்பு பற்றியது சமூக மேம்பாட்டுத் துறைக்கு, உயரமும் தடுப்பூசியும் பற்றியது கிளினிக்குக்கு எனத் தனித்தனித் தாளாக எழுதுங்கள். கிரீச் அம்மாவுக்கும் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளைகளின் பெயர் அந்தப் பிரதியில் வேண்டாம், எண்கள் போதும். அடுத்த முறை போகும்போது டீ வருவதற்கு முன்பே அந்தப் பிரதியை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு வரியாக என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.